தராசு சொல்வதும் சளி டப்பா சொல்வதும்

காசநோய்க்காரருக்கு நல்ல சாப்பாடு வேண்டுமா என்று மதுரைப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "பின்னே, அம்புட்டு மாத்திரையும் சூடுல்ல, பாலும் முட்டையும் இல்லாம ஒடம்பு எப்படித் தாங்கும்?" இதே கேள்வியை எழுபது எண்பதுகளில் மருத்துவம் படித்த ஒருவரிடம் கேட்டால் பெரும்பாலும் எதிர்ப்பதில் வரும். மாத்திரையை ஒழுங்காக விழுங்கினால் போதும், சாப்பாட்டால் கூடுதல் பலன் ஒன்றுமில்லை, அதைச் சென்னை ஆய்வு அப்போதே காட்டிவிட்டது என்பார்கள். சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் கிடையாது. அந்த ஆய்வும் லேசுப்பட்டது கிடையாது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு மாற்றிய ஆய்வு அது. ஆனால் 2023இல் ஜார்க்கண்டிலிருந்து வந்த இன்னொரு பெரிய ஆய்வு, அரிசியும் பருப்பும் கொடுத்தே ஒரு வீட்டில் அடுத்த ஆளுக்குக் காசநோய் வருவதைக் கணிசமாகக் குறைக்கலாம் என்றது. இரண்டுமே சீட்டுக் குலுக்கிப் பிரித்து, முறையாகச் செய்த ஆய்வுகள். ஒன்றை நம்பி மற்றதைத் தள்ளிவிடலாம் என்றால் மனசு ஒப்பவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பிடிபடுகிறது.

சேத்துப்பட்டில் எண்ணியது எதை?

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் முதல் சில ஆண்டுகள் அதை நடத்தினார். முன்வைத்த கேள்வி நேரடியானது. படுக்கைகள் கொஞ்சம், நோயாளிகள் ஏராளம். அப்படியிருக்க, சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் ஆஸ்பத்திரியில், சேர்க்காமல் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் குணமாகுமா? சளியில் கிருமி தெரிந்த 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இருதரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பாஸ் (PAS) என்ற இன்னொரு மருந்தும், ஓராண்டு. 1959இல் முடிவு வெளியானது: ஆண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். அந்த ஆறு புள்ளி வித்தியாசத்துக்காக நாடு முழுக்க லட்சக்கணக்கில் கட்டில் போட முடியாது. வீட்டுச் சிகிச்சை ஜெயித்தது.

1961இல் உணவைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கலோரி, புரதம், கொழுப்பு எல்லாமே அதிகம், ஓய்வும் அதிகம். வீட்டில் இருந்தவர்கள் அரைகுறையாகச் சாப்பிட்டு, வேலைக்கும் போனார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடிய எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு சானடோரியத்தாருக்குக் கூடியது. ஆனால் சளியில் கிருமி போவதில் அந்த எடைக்கு ஒரு பங்கும் இல்லை. "சாப்பாடு முக்கியமில்லை" என்ற வாசகம் இங்கேதான் பிறந்தது.

அந்த முடிவு சரி. அது எந்தக் கேள்விக்கான பதில் என்பதில்தான் நாம் சறுக்குகிறோம். அவர்கள் எண்ணியது சளி டப்பாவில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை. நல்ல மருந்து ஓராண்டு முழுக்க உள்ளே போனால், ஒல்லியான உடம்பிலும் கிருமி சாகிறது. இது பெரிய செய்தி, ஏழைகளுக்கு நல்ல செய்தி. வீட்டுச் சிகிச்சை என்றால் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்ட சிகிச்சை என்று நினைத்துவிடவும் கூடாது. வாராவாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்தார்கள். முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த உழைப்பை விட்டுவிட்ட ஊர்களில் வீட்டுச் சிகிச்சை பாதியில் நின்ற சிகிச்சையாகிப்போனது. இது தனிப் பஞ்சாயத்து, இங்கே வேண்டாம். இப்போது கேட்கவேண்டியது வேறு: சளியில் கிருமி போகும்வரை ஆள் உயிரோடு இருப்பாரா? அதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கும் மற்றவர்களுக்கு என்ன ஆகும்?

இரண்டாவது கேள்வியைச் சென்னைக்காரர்கள் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளி வீட்டிலேயே இருந்தால் குடும்பத்துக்குத் தொற்று கூடுமா என்று ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். சானடோரியத்துக்குப் போனவரின் குடும்பத்தைவிட வீட்டில் இருந்தவரின் குடும்பத்தில் நோய் அதிகமில்லை என்று 1966இல் எழுதினார்கள். நோய் கண்டுபிடிக்கும் முன்பே, மாதக்கணக்கில் இருமியபோதே, தொற்றவேண்டியவருக்குத் தொற்றிவிட்டது என்பது பொதுவாகச் சொல்லும் காரணம். மருந்து தொடங்கிய பின் பரவுவது சீக்கிரமே குறைந்துவிடும். ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்த ஒப்பீட்டில் நோயாளி எங்கே படுத்தார் என்பதுதான் மாறியது. குடும்பத்தார் என்ன சாப்பிட்டார்கள் என்பதை மாற்றிப் பார்க்கும் ஆய்வாக அது வடிவமைக்கப்படவே இல்லை. நல்ல சாப்பாடு சானடோரியத்தில் கட்டிலில் கிடந்தவருக்கு. தொற்றை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்களின் தட்டு அந்த ஆய்வின் கணக்கிலேயே வரவில்லை. "சாப்பாடு முக்கியமில்லை" என்று அறுபது வருடமாகச் சொல்லிவந்ததில் இந்த ஓட்டை இருக்கிறது.

ஜார்க்கண்ட் மூட்டையும் நம்மூர் ரேஷன் பையும்

அந்தத் தட்டைத்தான் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் கையில் எடுத்தார்கள். ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்கள், 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர், 2019 முதல் 2022 வரை. நோயாளிகள் எல்லாருக்குமே உணவு மூட்டை உண்டு. யாரையும் பட்டினி போட்டு ஆய்வு செய்யவில்லை. மாதம் 10 கிலோ: அரிசி 5, வறுத்த கடலைமாவு 3, பால்பவுடர் ஒன்றரை, மிச்சம் எண்ணெய். நாளுக்குச் சுமார் 1,200 கலோரி, 52 கிராம் புரதம், கூடவே சத்து மாத்திரை. குலுக்கல் போட்டது வீட்டாரை. ஒரு பாதிக்கு ஒன்றுமில்லை, மறுபாதிக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் சத்து மாத்திரையும். நாளுக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம். மூட்டை வாங்கிய வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு. அதிலும் பிறருக்குப் பரப்பக்கூடிய, சளியில் உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைவு.

நோயாளிகள் பக்கத்தில் வேறொரு கணக்கு வந்தது. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவு. இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். இது குலுக்கலில் வந்த எண் அல்ல. மருந்து வேலை செய்தவருக்குத்தான் பசி எடுக்கும், பசி எடுத்தவருக்குத்தான் எடை கூடும்; ஆக எடையே உயிரைக் காத்ததா, தேறுவதன் அடையாளமாக எடை கூடியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எப்படி இருந்தாலும் நடைமுறைக்கு ஒன்று கிடைக்கிறது. 40 கிலோ ஆள் இரண்டாம் மாதம் 42 ஆகவில்லை என்றால், சளி நெகட்டிவ் ஆகியிருந்தாலும் அவருடைய சிகிச்சை அட்டையை மூடிவைக்கக் கூடாது.

ஜார்க்கண்ட் மூட்டையை மதுரைக்கு அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. அரிசி அட்டை உள்ள வீட்டில் அரிசி இருக்கிறது. இல்லாதது புரதமும் எண்ணெயும். நிக்‌ஷய் போஷண் எனும், காசநோயாளியின் சாப்பாட்டுக்காக அரசு பணம் கொடுக்கும் திட்டத்தில் 2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள், 2024 நவம்பரிலிருந்து 1,000. நாளுக்கு 33 ரூபாய். இதில் என்ன முடியும் என்று உசிலம்பட்டிச் சந்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். ரேஷன் அரிசி 170 கிராம், முட்டை இரண்டு, நிலக்கடலை 50 கிராம், பொரிகடலை 50 கிராம், எண்ணெய் ஒரு குழிக்கரண்டி. சுமார் 1,300 கலோரி, 47 கிராம் புரதம் வந்துவிடும். முட்டைக்குப் பதிமூன்று பதினாலு, கடலை இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு பதிமூன்று பதினாலு என்று வைத்தால் 33க்குள் அடங்கும். ஒரு டம்ளர் பால் சேர்த்தால் புரதம் 50ஐத் தாண்டும், காசு கொஞ்சம் கையை விட்டுப் போடவேண்டும். இது வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் சேரவேண்டியது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காலையில் இட்லியை விட்டுவிட்டு முட்டையைத் தின்றால் கூட்டல் கழித்தல் ஒன்றாகிவிடும்.

கணக்கு அடங்குவதாலேயே சாப்பாடு வாய்க்குப் போய்விடாது. பணம் வங்கிக் கணக்கில் விழுந்ததும் பொதுச் செலவில் கலந்துவிடும். வாங்கிவந்த இரண்டு முட்டையில் ஒன்று பிள்ளைக்குப் போகும். நோயாளி பெண்ணாக இருந்தால் இரண்டுமே போகும். அதைக் கண்டித்துப் பயனில்லை. எந்தத் தாய் பிள்ளை பார்க்க முட்டை தின்பாள்? ஜார்க்கண்ட் ஆய்வு வீட்டுக்கே மூட்டை கொடுத்ததில் இந்தச் சங்கடம் தானாகவே தீர்ந்தது. நம்மிடம் நோயாளிக்கு மட்டும்தான் பணம். நான்கு பேர் கொண்ட வீட்டாருக்கு அந்த ஆய்வின் அளவில் மாதம் 6 கிலோ பருப்பு வேண்டும். ரேஷன் கடையில் அட்டைக்கு ஒரு கிலோ. வீட்டாருக்கான தடுப்பு மருந்து, அதாவது வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் விழுங்குவதோ தினமும் ஆறு மாதம் ஐசோனியாசிட் விழுங்குவதோ, இப்போது திட்டத்தில் இருக்கிறது. அதைக் கொடுக்கும் அதே கையால் பருப்பையும் கொடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி. ரேஷன் அட்டை வழியாகவே செய்யலாம், புதிதாக ஒரு துறை வேண்டாம்.

நம்மூருக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு, அது சர்க்கரை. 2012இல் வெளியான தமிழ்நாட்டு ஆய்வு ஒன்றில், காசநோயாளிகளில் 25 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இவர்களுக்கு "நல்லா சாப்பிடுங்க" என்றால் கஞ்சியும் பழமும் ரொட்டியும் குளுக்கோஸ் பாக்கெட்டும்தான் உள்ளே போகும். சர்க்கரை ஏறி நிற்கும் உடம்பில் காசநோய் ஆறுவது கஷ்டம். இங்கே கூட்டவேண்டியது முட்டை, கடலை, பயறு, மீன். அரிசியை அல்ல.

பதினாலு என்ற கோடு

சென்னை ஆய்வுக்குப் பின் கட்டிலுக்கு மவுசு போனது. மதுரைப் பக்கத்துத் தோப்பூர் ஆஸ்டின்பட்டி மாதிரி ஊருக்கு வெளியே காற்றோட்டமாகக் கட்டிய ஆஸ்பத்திரிகள் "முடியாதவர்களுக்கு" என்று சுருங்கின. யார் முடியாதவர் என்பதற்குத்தான் அளவுகோல் இல்லாமல் இருந்தது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு, சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' அதற்கு ஓர் அளவுகோல் வைத்தது. இங்கே உள்ள நியாயம் எளிது: காசநோய் இறப்பில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதங்களுக்குள் நடந்துவிடுகிறது. ஆறு மாதக் கோர்ஸை எவ்வளவு கெட்டியாக நடத்தினாலும் மூன்றாவது வாரத்தில் போனவரை அது காப்பாற்றாது. ஆகவே நோய் உறுதியான அன்றே, எக்ஸ்ரே ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல், துணை சுகாதார நிலையத்திலேயே பார்க்கக்கூடிய சிலவற்றைப் பார்க்கிறார்கள். உடல் நிறை குறியீட்டெண் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 14க்கு மேல் இல்லையென்றாலோ, 14க்கு மேல் 16க்குள் இருந்து இரண்டு காலும் வீங்கியிருந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் போனாலோ, ரத்தத்தில் ஆக்ஸிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாவிட்டாலோ, இவற்றில் ஒன்றே போதும், ஆளை உள்நோயாளியாகச் சேர்க்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும்.

கேட்கச் சுலபம். களத்தில் இது கெடுவது அளப்பதில். ஓர் உதாரணம்: உயரம் 160 செ.மீ., எடை 36 கிலோ. எண் 14.06; கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே, வீட்டுக்கு அனுப்பலாம். அதே ஆளின் மடியில் இருந்த போனை வாங்கி வைத்துவிட்டு நிறுத்தினால் 35.8, எண் 13.98, சேர்க்க வேண்டும். உயரத்தை 158 என்று எழுதிவிட்டால் 14.4 ஆகி, ஆபத்தே இல்லாதவர் போலத் தெரிவார். முதுகு கூனி நிற்பவரை அப்படியே அளந்தால் இரண்டு செ.மீ. குறைவது சாதாரணம். குதிகால், பிருஷ்டம், தோள் மூன்றும் சுவரில் படவேண்டும். பார்வை நேராக இருக்கவேண்டும். தலையில் அட்டையை மட்டமாக வைத்து அளக்கவேண்டும். எடை மெஷின் வெறும் சிமெண்டுத் தரையில் இருக்கவேண்டும், பாய் மேலோ மிதியடி மேலோ வைத்தால் ஆளுக்கு ஆள் மாறிக் காட்டும். செருப்பு, போன், சாவி, பச்சை பெல்ட், பாட்டிகளின் சுருக்குப்பை எல்லாம் கீழே. சில்லறையும் பாக்குவெட்டியும் சேர்ந்த சுருக்குப்பை ஒரு கோட்டைத் தாண்ட வைக்கப் போதுமானது. கோட்டருகே நிற்பவரை மேலே இருக்கிறார் என்று விடாமல் கீழே இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வீணாக ஒருவரைச் சேர்த்தால் சில நாள் கட்டில் போகும். தவறாக அனுப்பினால் ஆளே போகலாம்.

மூச்சை எண்ணுவதிலும் இதே கதை. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் விடை 24 வரும், 26 வரும், 25 வரவே வராது. கோடு இருப்பதோ 24க்கும் 25க்கும் நடுவே. முழு நிமிடம் எண்ண வேண்டும், அதுவும் எண்ணுகிறோம் என்று சொல்லாமல், நாடி பிடிப்பது போல் கையைப் பிடித்துக்கொண்டு. சொல்லிவிட்டால் மூச்சை அடக்குவார்கள். ஆக்ஸிஜன் பார்க்கும்போது மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரல் வேண்டும், கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கால் வீக்கத்துக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பத்து விநாடி அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் தெரியாது, வெயிலில் நடந்துவந்த கால் எல்லாமே கொஞ்சம் உப்பித்தான் இருக்கும். நிற்கவே முடியாதவருக்கு உயரம் அளக்க மல்லுக்கட்ட வேண்டாம். நிற்க முடியாததே சேர்ப்பதற்குக் காரணம்.

எடை தப்பினால் மருந்தும் தப்பும். பெரியவர்களுக்கான நான்கு மருந்துக் கூட்டு மாத்திரை 25 முதல் 34 கிலோவரை நாளுக்கு இரண்டு, 35 முதல் 49வரை மூன்று, 50 முதல் 64வரை நான்கு. ஆக 35ஐச் சுற்றி நிற்கும் ஆளுக்கு அரைக்கிலோ என்பது ஒரு முழு மாத்திரை. தேறிவரும்போது வரம்பு தாண்டினால் எண்ணிக்கையையும் மாற்ற வேண்டும். இரண்டு மாதம் கழித்து 35 ஆனவர் பழைய இரண்டு மாத்திரையிலேயே ஓடிக்கொண்டிருப்பதை அட்டையைத் திருப்பிப் பார்க்கும்வரை யாரும் கவனிப்பதில்லை.

ஊட்டுவதிலும் ஒரு பக்குவம்

சேர்த்தபின் வீட்டார் செய்யும் முதல் காரியம் "குளுக்கோஸ் ஏத்துங்க சார்" என்று கேட்பது. அடுத்தது, தூக்குவாளியில் வரும் எலும்பு சூப்பும் பிரியாணியும். வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் எண் 14க்குக் கீழே போன உடம்பில் திடீரென மாவுச்சத்தும் சர்க்கரையும் இறங்கினால் இன்சுலின் எழும்பும், ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதயம் தடுமாறும், உடம்பு நீர் கோக்கும், மூச்சு வாங்கும். நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த மூன்றாம் நாள் ஆள் போய்விட்டார் என்று சொல்லும் வீடுகளில் சிலவற்றிலாவது நடந்தது இதுவாக இருக்கலாம். ஆகவே முதலில் தயமின் (வைட்டமின் பி1), அப்புறம்தான் குளுக்கோஸ். ஆபத்து அதிகமுள்ளவருக்குத் தொடக்கம் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கலோரி. 14க்கும் கீழே போனவர்களுக்கு 5 என்றுகூட வழிகாட்டிகள் சொல்கின்றன. 34 கிலோ ஆளுக்கு 340 கலோரி என்றால் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். நான்கைந்து நாளில் படிப்படியாக ஏற்றப்போகிறோம், அதுவரை பட்டினி போடவில்லை, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறோம் என்று முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். மறைவாகக் கொண்டுவரும் தூக்குவாளியை அதட்டித் தடுக்க முடியாது, விளக்கினால் பெரும்பாலும் நிற்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்குக் குமட்டல்தான் பெரிய எதிரி. வெறும் வயிற்றில் விழுங்கினால் கூட்டு மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து நன்றாக ஏறும் என்பது உண்மை. ஆனால் தினமும் வாந்தி எடுத்தால் மருந்தும் போய், காலைச் சாப்பாடும் போய், மூன்றாம் வாரம் ஆளே நின்றுவிடுவார். அப்படிப்பட்டவர் இரண்டு இட்லியோடு விழுங்குவது மேல். வாந்தியோடு சேர்ந்து கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் தேயிலை டிக்காஷன் நிறத்தில் போனாலோ அது வேறு. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போகவேண்டும். வெறும் ஆரஞ்சுச் சிவப்புச் சிறுநீர் மருந்தின் நிறம், அதற்குப் பயப்பட வேண்டாம். மெலிந்த உடம்பிலும் குடிப்பழக்கம் உள்ள உடம்பிலும் ஈரல் சீக்கிரம் அடிபடும் என்பதால் இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.

எடை அட்டையைப் படிப்பவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் கால் வீங்கி வந்தவர். சேர்க்கும்போது 38 கிலோ இருப்பார், அதில் இரண்டு மூன்று கிலோ நீர். சிகிச்சையில் வீக்கம் வடிய ஒரு வாரத்தில் 35.5க்கு இறங்குவார். அட்டையில் பார்த்தால் ஆள் கரைவதாகத் தெரியும், வீட்டாரும் பதறுவார்கள், உண்மையில் அவர் தேறிக்கொண்டிருப்பார். இவருக்கு ஐந்து சதவீதத்தை 38லிருந்து எண்ணக்கூடாது, வீக்கம் வடிந்த நாளின் எடையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அதிலிருந்து எண்ணவேண்டும். இதற்கு நேர்மாறானவரும் உண்டு. ஒரே வாரத்தில் மூன்று கிலோ ஏறிவிட்டார் என்று எல்லாரும் சந்தோஷப்படும்போது, அந்தக் காலில் பத்து விநாடி அழுத்திப் பார்க்க வேண்டியவர் அவர்.